சிகுர் ரோஸ் பாடகர் யோன்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழுவைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். இந்தக் குழுவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பனிமலை, எரிமலை, குட்டிச்சாத்தான் என்று வர்ணனையில் இறங்கிவிடுகிறார்கள். பாட்டு எப்படி உருவாகிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். அதனால் இங்கே நிலக்காட்சி குறைவு.

யோன்சி என்பதுதான் முழுப் பெயரா? பிர்கிஸ்ஸான் குடும்பப் பெயர்தானே?

முழுப் பெயர் யோன் தோர் பிர்கிஸ்ஸான். 1975 ஏப்ரல் 23 அன்று பிறந்தவர். யோன் என்ற பெயரின் செல்லச் சுருக்கம்தான் யோன்சி. ஐஸ்லாந்து எழுத்தில் முதலில் இருக்கும் J எழுத்தை ஆங்கிலப் பழக்கத்தில் 'ஜோன்சி' என்று வாசித்துவிடுகிறார்கள். அங்கே அது 'ய' ஒலிதான்.

பிர்கிஸ்ஸான் குடும்பப் பெயர் இல்லை. 'பிர்கிரின் மகன்' என்று பொருள். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, தகப்பன் பெயர் பின்னால் நிற்கும். நம் இனிஷியல் பழக்கம் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். அவரை 'திரு. பிர்கிஸ்ஸான்' என்று எழுதினால் அவருடைய அப்பாவைச் சுட்டியதுபோல் ஆகும். தொலைபேசிப் புத்தகம் அச்சான காலத்தில் அதில்கூட முதற்பெயரை வைத்தே வரிசைப்படுத்தினார்கள்.

ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் பாடிய யோன்சி இவர்தானா?

இல்லை. அவர் யோன் யோசெப் ஸ்னைபியோர்ன்ஸான் என்ற வேறு பாடகர். அவரையும் யோன்சி என்றே கூப்பிடுவார்கள். 2004இல் தனியாகவும், 2012இல் கிரெட்டா சலோமே என்ற பாடகியோடு சேர்ந்தும் ஐஸ்லாந்துக்காகப் பாடியவர் அவர். தேடும்போது இருவர் படமும் கலந்து வரும். கையில் கிட்டாரும் வில்லும் இருந்தால் நாம் பேசும் ஆள்.

சிகுர் ரோஸ் என்றால் என்ன? அது ஒரு ஆளின் பெயரா?

ஆமாம், ஒரு குழந்தையின் பெயர். 1994 தொடக்கத்தில் ரெய்க்யாவிக்கில் யோன்சி, பேஸ் கிட்டார் வாசிக்கும் கேயோர்க் ஹோல்ம், டிரம்ஸ் வாசித்த ஆகுஸ்ட் ஐவர் குன்னர்ஸான் மூவரும் குழுவைத் தொடங்கினார்கள். அதே சமயத்தில்தான் யோன்சிக்குத் தங்கை பிறந்தாள். அவள் பெயர் சிகுர்ரோஸ். அதை இரண்டாகப் பிரித்துக் குழுவுக்கு வைத்தார்கள். 'வெற்றி ரோஜா' என்று மொழிபெயர்த்துத் தத்துவம் தேடுவது வீண் வேலை. அந்தத் தங்கை இந்தப் பக்கத்தில் பின்னால் இன்னொரு முறை வருவார்.

முதல் ஆல்பம் 'வோன்' 1997இல் வந்தது. ஸ்டூடியோ வாடகைக்குப் பதிலாக அந்த ஸ்டூடியோவுக்கே வெள்ளையடித்துக் கொடுத்துப் பதிவு செய்தார்கள். வந்த புதிதில் அது விற்கவே இல்லை. 1998இல் கியர்த்தான் ஸ்வெய்ன்ஸான் சேர்ந்த பிறகுதான் குழுவின் ஒலி மாறியது. கீபோர்டு, பியானோ, புல்லாங்குழல், இசைக்கோவை எழுதுவது என்று அவர் கொண்டுவந்தவை அதிகம். அடுத்த ஆண்டு ஜூனில் 'ஔகைட்டிஸ் பிர்யுன்' வெளியானது. 'நல்லாத்தான் ஆரம்பிச்சிருக்கு' என்று சொல்வதுபோன்ற பெயர். உலகம் இவர்களைத் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். 2001இல் அமெரிக்காவின் ஷார்ட்லிஸ்ட் இசை விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்ற ஆல்பம் இது.

அவர் பாடுவது என்ன மொழி? அர்த்தமே இல்லாத மொழி என்கிறார்களே?

பெரும்பாலான பாட்டு சாதாரண ஐஸ்லாந்திய மொழியில்தான் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். 'எல்லாமே அவர் கண்டுபிடித்த மொழி' என்பது தவறு.

கண்டுபிடித்தது என்று சொல்லப்படுவதன் பெயர் 'வோன்லென்ஸ்கா'. 'வோன்' என்றால் நம்பிக்கை. முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் முதலில் வந்ததால் அந்தப் பெயர். இதற்கு இலக்கணம் இல்லை, சொல்லகராதி இல்லை, ஒரு ஒலிக்கு ஒரு பொருள் என்ற கணக்கும் இல்லை. அதனால் அதை மொழி என்பதே கொஞ்சம் பெரிய வார்த்தை. பிரான்சின் மாக்மா குழு பாடும் கோபாயன் மொழியில் சொற்களுக்குப் பொருள் உண்டு. இது அந்த வகை இல்லை. ஆலாபனையில் த, ர, ன என்று பாடகர் ராகத்தை இழுப்பது போல, மெட்டைத் தாங்குவதற்கான அசைகள் இவை. என்ன, ஐஸ்லாந்திய உச்சரிப்பில் வருவதால் வெளியூர்க்காரர் காதுக்கு அது உண்மையான மொழி போலவே கேட்கும்.

'வோன்' பாட்டு, 'ஓல்சென் ஓல்சென்' பாட்டு, 2002இல் வந்த அடைப்புக்குறி ஆல்பம் முழுவதும், பிறகு வந்த ஆல்பங்களில் அங்கங்கே சில பகுதிகள். வோன்லென்ஸ்கா இருக்கும் இடங்கள் ஏறத்தாழ இவ்வளவுதான்.

அப்படியானால் பாட்டை யார் எழுதுகிறார்? எப்படி?

பாடல்கள் குழுவின் கூட்டுப் பெயரில்தான் வெளிவருகின்றன. இசை முதலில் வரும், சொல் கடைசியில். ஒத்திகையில் மெட்டு பிடிபடும்போது யோன்சி வாய்க்கு வந்த அசைகளைப் பாடிப் பார்ப்பார். மெட்டு உறைந்த பிறகு அந்த அசைகளின் நீளத்துக்கும் அழுத்தத்துக்கும் பொருந்தும்படி ஐஸ்லாந்தியச் சொற்களை வைப்பார்கள். சினிமாவில் டியூனுக்கு வரி எழுதும்வரை போடும் 'டம்மி' வரிகளை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாகப் பொருந்தும்.

2002 ஆல்பத்தில் அந்தக் கடைசிக் கட்டத்தை அவர்கள் செய்யவில்லை. அந்தப் பாடல்களைப் பதிவுக்கு முன்பே மேடைகளில் வாசித்துப் பழகியிருந்தார்கள். டம்மி அசைகள் மெட்டோடு ஒட்டிப்போய்விட்டன. மேலே சொற்களைப் போட்டால் பாட்டு கெடும் என்ற நிலை. ஆகவே அப்படியே விட்டார்கள்.

அந்த ஆல்பத்துக்கு உண்மையிலேயே ( ) என்றுதான் பெயரா? பாட்டுகளுக்கும் பெயர் கிடையாதா?

ஆமாம், இரண்டு அடைப்புக்குறிகள், நடுவில் ஒன்றுமில்லை. மொத்தம் 8 பாட்டுகள், சுமார் 72 நிமிடம். உள்ளே வரும் கையேடும் வெற்றுத்தாள். கேட்பவர் தனக்குத் தோன்றிய சொற்களை எழுதிக்கொள்ளலாம் என்பது எண்ணம். முதல் 4 பாட்டு இலகுவாக இருக்கும், அடுத்த 4 கனமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே 36 விநாடி மௌனம். அதைப் பழுதென்று நினைத்துப் பாட்டைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு.

அதிகாரப்பூர்வமாகப் பெயரில்லை என்றாலும் குழுவுக்குள் புழங்கிய பெயர்கள் வெளியே தெரியும். வரிசைப்படி வாக்கா, ஃபிர்ஸ்ட்டா, சாம்ஸ்கெய்த்தி, நியோஸ்னாவியேலின், ஆலாஃபோஸ், ஈ-போ, தௌதாலாகித், பொப்லாகித். வாக்கா என்பது அப்போதைய டிரம்ஸ் கலைஞர் ஓர்ரியின் மகள் பெயர். ஆலாஃபோஸ் அவர்கள் ஸ்டூடியோ இருக்கும் இடம். மோஸ்ஃபெல்ஸ்பைர் ஊரில் 1930களில் கட்டிய பழைய உள்ளரங்க நீச்சல் குளம் ஒன்றை வாங்கி ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றினார்கள். அதன் பெயரே 'சுந்த்லௌகின்', அதாவது நீச்சல் குளம். கடைசிப் பாட்டான பொப்லாகித்தின் பொருள் 'பாப் பாட்டு'. 11 நிமிடத்துக்கு மேல் ஓடி இடிமுழக்கமாக முடியும் ஒன்றுக்கு அந்தப் பெயர். இவர்களுக்கு நகைச்சுவை இல்லை என்பவர்களுக்கு இதுவே பதில்.

பாடுவது ஆண்தானா? குரலை மெஷினில் மாற்றுகிறார்களா?

ஆண்தான். கர்நாடக இசைக்காரர்கள் கள்ளக்குரல் என்று குறைத்துச் சொல்லும் அந்த மேல்ஸ்தாயிக் குரலையே அவர் முழுநேரக் குரலாக வைத்துக்கொண்டார். குரல்நாண்கள் முழுக்க ஒட்டாமல் ஓரம் மட்டும் அதிரும்போது வரும் ஒலி அது. வழக்கமாக அதில் வலு இருக்காது. யோன்சியிடம் வியப்பானது உயரம் இல்லை, அந்த உயரத்தில் அதிர்வே இல்லாமல் நேர்கோடாக நிறுத்தி நெடுநேரம் பிடிக்கும் மூச்சு.

சேர்க்கப்படுவது பெரும்பாலும் எதிரொலிதான். ஆனால் அவருடைய தனி ஆல்பமான 'ஷிவர்' (2020) விதிவிலக்கு. அங்கே ஏ.ஜி. குக் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து குரலைக் கணினியில் வெட்டி நொறுக்கி ஒட்டியிருக்கிறார்கள்.

மேடையில் இன்னொரு உத்தியும் உண்டு. கிட்டாரைத் தூக்கி அதன் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பகுதி) மீது வாயை வைத்துப் பாடுவார். மைக் போலவே அதுவும் கொஞ்சம் பிடிக்கும். கிட்டாருக்குப் போட்ட எதிரொலி முழுவதும் குரலுக்கும் சேர்ந்துவிடும்.

கிட்டாரை வயலின் மாதிரி வில்லால் வாசிக்கிறாரே, அதை அவர்தான் கண்டுபிடித்தாரா?

இல்லை. 1966இலேயே இங்கிலாந்தின் தி கிரியேஷன் குழுவில் எட்டி ஃபிலிப்ஸ் செய்தார். லெட் செப்பலினின் ஜிம்மி பேஜ் அதைப் பிரபலமாக்கினார். ஆனால் அவர்களுக்கு அது நடுவில் வரும் ஒரு வித்தை. பாட்டு முழுவதையும் வில்லின் மீதே கட்டியவர் யோன்சி. வில் முதலில் வந்தது பேஸ் கிட்டாருக்காக. அதில் சரிப்படவில்லை, யோன்சி தன் கிட்டாரில் போட்டுப் பார்த்தார், ஒட்டிக்கொண்டது. அவர் பயன்படுத்துவது செல்லோ வில். கிட்டார் பெரும்பாலும் லெஸ் பால் வடிவத்தில் இருக்கும் ஐபனேஸ் பிஎஃப்200.

வீட்டில் முயற்சி செய்தேன், கீச்சென்று ஒரு சத்தம்தான் வருகிறது. எங்கே தப்பு?

முதலில் ரோசின், அதாவது வில்லின் முடியில் தேய்க்கும் பிசின் கட்டி. புது வில்லின் முடியில் ரோசின் இருக்காது, கம்பியில் வழுக்கிக்கொண்டு போகும், ஒலியே எழாது. முடியின் இருபக்க நுனிவரை பொறுமையாகப் பல முறை தேய்த்தால்தான் பிடிக்கும். செல்லோவுக்கான ரோசின் கொஞ்சம் பிசுபிசுப்பு அதிகமானது, கிட்டாரின் உலோகக் கம்பிக்கு அதுவே தோது. வில்லும் செல்லோ வில்லாகவே இருக்கட்டும். வயலின் வில் சுமார் 60 கிராம், செல்லோ வில் சுமார் 80 கிராம். அந்த எடைதான் கம்பியை அழுத்தும். விலை உயர்ந்தது வேண்டாம், எப்படியும் முடி அறுந்து தொங்கும். பொப்லாகித் முடியும்போது யோன்சியின் வில்லைப் பார்த்தாலே தெரியும்.

அடுத்தது கிட்டாரின் அமைப்பு. வயலின், செல்லோவில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வளைவாக இருப்பதால் ஒவ்வொரு கம்பியையும் தனியே தொடலாம். கிட்டாரில் அது ஏறத்தாழ தட்டை. ஓரத்துக் கம்பிகள் இரண்டை மட்டுமே தனியாகத் தொட முடியும், நடுவில் இருப்பவை சேர்ந்தேதான் ஒலிக்கும். எனவே மெட்டுப் போட நினைக்காதீர்கள். 6 கம்பியும் சேர்ந்து ஒலித்தாலும் இனிமையாக இருக்கும்படி திறந்த சுருதி சேர்த்துக்கொண்டு, வில்லை நீளமாக, மெதுவாக இழுங்கள். மெல்லிய கம்பிகள்தான் கீச்சிடும், சுற்றுக்கம்பிகள் வில்லை நன்றாகப் பிடிக்கும். ஆகவே தடித்த கம்பிப் பக்கம் தொடங்குங்கள். பிரிட்ஜுக்கு ஒட்டி இழுத்தால் கரகரப்பு, கழுத்துப் பக்கம் நகர்ந்தால் மென்மை. இரண்டு பிக்கப்புகளுக்கு நடுவில் உள்ள இடம் ஆரம்பத்துக்குப் போதும்.

கடைசியாக, இந்த ஒலியில் பாதி ஆம்ப்ளிஃபயரிலிருந்து வருகிறது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் கொஞ்சம், பிறகு ஒலியைத் திரும்ப ஒலிக்கவைக்கும் டிலே, பிறகு பல விநாடிகள் எதிரொலியாக நீடிக்கும் ரிவெர்ப், இந்த வரிசையில். வில் திசை மாறும்போது விழும் வெட்டை அந்த எதிரொலி மறைத்துவிடும். எதிரொலி இல்லாமல் வெறுமையாகக் கேட்டால் யோன்சி வாசித்தாலும் கதவு கீல் சத்தம்தான். வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்து, வில்லின் இறுக்கத்தைத் தளர்த்தி வையுங்கள். கம்பியில் விரல் எண்ணெய் ஏறியிருந்தால் எவ்வளவு ரோசின் போட்டாலும் பிடிக்காது.

அவருக்குக் கண் தெரியாதா?

வலது கண்ணில் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. இடது கண் தெரியும்.

தன்பாலீர்ப்பாளர் என்கிறார்களே, பாட்டில் அது வருகிறதா?

அவர் அதை ஒளித்ததில்லை. அமெரிக்கக் கலைஞர் அலெக்ஸ் சோமர்ஸ் நீண்டகாலம் அவருடைய துணையாக இருந்தார். இருவரும் சேர்ந்து 2009இல் 'ரைஸ்பாய் ஸ்லீப்ஸ்' என்ற வாத்திய ஆல்பத்தை வெளியிட்டார்கள். பின்னர் பிரிந்துவிட்டார்கள்.

வெளிப்படையாகத் தெரியும் இடம் 'வித்ரார் வேல் தில் லோஃப்தௌராசா' பாட்டின் வீடியோ. பழைய காலத்து ஐஸ்லாந்துக் கிராமத்தில் சிறுவர்கள் கால்பந்து ஆடுகிறார்கள், கோல் போட்ட மகிழ்ச்சியில் இரு சிறுவர்கள் முத்தமிட்டுக்கொள்கிறார்கள், பெரியவர்கள் ஓடிவந்து பிரிக்கிறார்கள். பாட்டின் தலைப்புக்குத் தனிக்கதை. 'வான்தாக்குதலுக்கு ஏற்ற வானிலை' என்று பொருள். கொசோவோ போரின்போது ஐஸ்லாந்து வானிலை அறிவிப்பாளர் ஒருவர் சொன்னதிலிருந்து எடுத்தது.

குழுவை விட்டு வெளியே போய்த்தான் தனி ஆல்பம் போட்டாரா?

குழுவை அவர் விட்டதே இல்லை. 2010 ஏப்ரலில் வந்த 'கோ' குழு ஓய்வில் இருந்தபோது வந்தது. அதில் பெரும்பகுதி ஆங்கிலம். அமெரிக்க இசையமைப்பாளர் நிக்கோ மியூலி எழுதிய காற்று, தந்தி வாத்தியக் கோவைகளும் பின்லாந்தின் சாமுலி கோஸ்மினனின் தாள வாத்தியமும் துள்ளிக்கொண்டு ஓடும். சிகுர் ரோஸ் மெதுவாக இருக்கிறது என்று பொறுமை இழப்பவர்களுக்கு இந்த ஆல்பம் பிடித்துவிடுகிறது.

பிறகு மேலே சொன்ன 'ஷிவர்'. அதில் ஒரு பாட்டில் ஸ்வீடன் பாடகி ராபின், இன்னொன்றில் காக்டோ ட்வின்ஸ் குழுவின் எலிசபெத் ஃப்ரேசர். சொல்லுக்கும் ஒலிக்கும் நடுவே பாடுவதில் ஃப்ரேசர் யோன்சிக்கு முன்னோடி என்பதால் அந்தக் கூட்டணி தற்செயலாகப் படவில்லை. 2021இல் 'ஒப்சீடியன்' வந்தது. அந்த ஆண்டு ஃபக்ராதால்ஸ்ஃபியட்ல் எரிமலை வெடித்தபோது அவர் இருந்தது லாஸ் ஏஞ்சலிஸில், கொரோனாக் காலம், ஊருக்குப் போய்ப் பார்க்க முடியவில்லை. போக முடியாததைக் கற்பனையில் கட்டியதுதான் அதன் கருவும், அதையொட்டி நியூயார்க்கில் வைத்த ஒலிக் கண்காட்சியும்.

எந்தெந்தப் படங்களில் அவர் பாட்டு கேட்டிருப்பேன்?

'வனிலா ஸ்கை' (2001) படத்தில் குழுவின் பாட்டுகள் வந்தன. 'தி லைஃப் அக்வாட்டிக்' (2004) படத்தில் கடலடிக் காட்சியில் 'ஸ்தாரௌல்வுர்'. 'வி பாட் எ ஸூ' (2011) படத்துக்கு யோன்சியே இசையமைத்தார். 'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்' அனிமேஷன் படங்கள் மூன்றிலும் அவர் குரல் உண்டு. அதன் இயக்குநர்களில் ஒருவரான டீன் டெபிளாதான், 2006 கோடையில் சிகுர் ரோஸ் ஐஸ்லாந்து முழுக்க இலவசமாக நடத்திய கச்சேரிகளை 'ஹெய்மா' என்ற ஆவணப்படமாக எடுத்தவர். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் 2014இல் ஒரு கல்யாண விருந்தில் பாடகர்களாகவே வருவார்கள்.

'ஹொப்பிபொட்லா' எல்லோருக்கும் தெரியக் காரணம் 2006இல் பிபிசி தன் 'பிளானட் எர்த்' தொடரின் முன்னோட்டத்தில் போட்டது. ஆழமான பிரார்த்தனை என்று நினைத்து உருகுபவர்கள் மன்னிக்கவும். தலைப்புக்குப் பொருள் 'மழைத் தண்ணீர்க் குட்டையில் குதிப்பது'. பாட்டும் அதைப் பற்றித்தான், விழுந்து மூக்கில் ரத்தம் வருவதுவரை.

'ஸ்வெப்ன்-கி-எங்லார்' பாட்டில் "இட்ஸ் யூ" என்று ஆங்கிலத்தில் பாடுகிறாரே?

பாடவில்லை. அது 'ட்யூ' என்ற பொருளற்ற அசை. ஆங்கிலம் பழகிய காது தனக்குத் தெரிந்ததைப் போட்டுக் கேட்கிறது. தலைப்பிலும் ஒரு விளையாட்டு இருக்கிறது. நடுவிலுள்ள ஒற்றை எழுத்தைச் சேர்த்து வாசித்தால் 'தூக்கத்தில் நடப்பவர்கள்', விட்டுவிட்டு வாசித்தால் 'உறக்கத்தின் தேவதைகள்'.

இப்போது குழுவில் யார் யார்? நடுவில் ஏன் 10 ஆண்டு ஆல்பமே இல்லை?

இப்போது யோன்சி, கேயோர்க், கியர்த்தான் மூவர். முதல் டிரம்ஸ் கலைஞர் ஆகுஸ்ட் 1999இல் போனார், ஓர்ரி பௌல் தீராஸான் வந்தார். கியர்த்தான் 2013 தொடக்கத்தில் விலகினார். மூவராக நின்று போட்ட 'குவெய்க்குர்' அதே ஆண்டு வந்தது. அவர்களுடைய மிகக் கடுமையான ஒலி அதில்தான். 2018இல் தன் மீது எழுந்த பாலியல் குற்றச்சாட்டை மறுத்தபடியே ஓர்ரி விலகினார். 2019இல் வரி ஏய்ப்பு வழக்கு தொடரப்பட்டது. கணக்காளரை நம்பியதுதான் தவறு என்று குழுவினர் சொன்னார்கள். வழக்கு 2023இல் விடுதலையில் முடிந்தது.

2022இல் கியர்த்தான் திரும்பினார். 2023 ஜூனில் 'ஔட்டா' வெளியானது, பொருள் 'எட்டு'. லண்டன் கன்டெம்ப்ரரி ஆர்க்கெஸ்ட்ரா பெரும் பங்கு வகிக்கும் ஆல்பம், டிரம்ஸ் மிகக் குறைவு. டிரம்ஸ் ஆள் இல்லாததை மறைக்கப் பார்க்காமல் அதையே பாணியாக்கிக்கொண்டது புத்திசாலித்தனம். ஆனால் பொப்லாகித்தின் அந்த முழக்கத்தைத் தேடுபவர்களுக்கு இதில் ஏமாற்றம்தான்.

யோன்சி அத்தர் கடை நடத்துகிறார் என்று படித்தேன், உண்மையா?

உண்மை. ரெய்க்யாவிக்கின் பழைய பகுதியில் ஃபிஷர்சுந்த் என்ற சின்னத் தெரு, கடைக்கும் அதே பெயர். அவர் பல ஆண்டுகள் வாசனை எண்ணெய்களைக் கலந்து பழகியவர். தங்கைகளோடு சேர்ந்து 2017இல் கடையைத் திறந்தார். அவர்களில் ஒருவர் சிகுர்ரோஸ், ஆமாம், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரேதான். மேலே சொன்ன நியூயார்க் கண்காட்சியிலும் ஒலியோடு வாசனை சேர்ந்தது.

எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது?

முதலில் 2005இல் வந்த 'தாக்'. பாட்டுகள் இறுக்கமாக இருக்கும், 'ஹொப்பிபொட்லா'வும் 'சைக்லோப்புர்' பாட்டும் இதில்தான். பிறகு 'ஔகைட்டிஸ் பிர்யுன்', அதன்பின் அடைப்புக்குறி. இந்த மூன்றையும் ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் பாதி போய்விடும், பேஸ் இருக்கும் ஹெட்ஃபோன் வேண்டும். பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். முதல் ஆல்பம் 'வோன்' கடைசியில் போதும். சோதனை முயற்சிகள் அதிகம், அதில் 18 விநாடி வெறும் மௌனமே ஒரு தனிப் பாட்டாக இருக்கிறது.